கூட்டம் கிளம்பிய நாள்

ஆனைக்கல் கணவாயைச் சடையாண்டி கூட்டம் பிடித்து வைத்திருந்த காலம் அது. உப்பு வண்டி, கல்யாண வண்டி, எதையும் விடமாட்டார்கள். எதிர்த்தவனை வெட்டிப் போட்டுவிட்டுப் போவார்கள்.

மலையடிவார ஊரில் பூரணத்தம்மாள் என்ற துறவி இருந்தார். அவருடைய சீடன் இருளப்பன் வெளியூர்க்காரன், பழைய மல்லன். வயதில் குருவைவிட மூத்தவன்.

ஒரு சந்தை நாளில், வெயில் ஏறிய நேரம், கூட்டம் குதிரைகளோடு சந்தைக்குள்ளேயே புகுந்துவிட்டது. ஜனங்கள் சிதறி ஓடினார்கள். இருளப்பன் ஓடவில்லை. பக்கத்து வண்டியின் நுகத்தடியை உருவி, முதலில் வந்த குதிரையின் குறுக்கே வீசினான். குதிரை மண்டியிட்டது. மேலே இருந்தவன் வெங்காயக் குவியலில் போய் விழுந்தான்.

"விழுந்துட்டான்டா! அவனுங்களும் விழுறானுங்கடா!"

யார் கத்தினார்களோ, ஓடிய ஊர் அப்படியே திரும்பியது. உலக்கை, தராசுத் தண்டு, மண்பானை, கைக்குக் கிடைத்ததெல்லாம் பறந்தன. கொஞ்ச நேரத்தில் கொள்ளையர்கள் புளியமரத்தில் கட்டுண்டு கிடந்தார்கள். சடையாண்டி மட்டும் தப்பி மலையேறிவிட்டான்.

இருளப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். பறை அதிர்ந்தது. எண்ணெய் வியாபாரி சோணாசலம் தொண்டை கிழியக் கத்தினார்.

"சடையாண்டி குடிசை ஓடைக்கு அந்தப் பக்கம்தான்! கொளுத்துங்கடா! அங்க இருக்கிற ஆடு மாடு எல்லாம் நம்மளுது!"

ஊரே கிளம்பியது. தீப்பந்தத்தைப் பற்றவைத்துக்கொண்டு, நுகத்தடியைத் தோளில் சாய்த்தபடி இருளப்பன் முன்னால் ஓடினான். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தை அவன் கண்டதில்லை.

ஓடைப் பாதையின் நடுவில் பூரணத்தம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"வழி விடுங்கம்மா! கூட்டத்தைப் பிடிச்சுட்டோம்! இனி அவன் வீடுதான் பாக்கி!"

"வீட்டுல யாரு இருக்கா?"

"பொண்டாட்டி, புள்ளைங்க."

"அவங்க என்ன பண்ணாங்க?"

"அவன் கொள்ளையடிச்சதைத் தின்னாங்க!"

"நீங்க எதைக் கொண்டாரப் போறீங்க?"

"ஆடு மாடு."

"அதுல உங்களுது எது?"

இருளப்பன் பந்தத்தைத் தாழ்த்தினான். பின்னால் கூட்டம் முட்டியது.

"பேச்சு என்ன பேச்சு? அந்தம்மாவை இழுத்துப் போடுங்கடா!"

அது சோணாசலத்தின் குரல். தினமும் காலையில் அம்மாளின் காலில் விழுகிறவர்.

இருளப்பன் திரும்பிப் பார்த்தான். எல்லாம் தெரிந்த முகங்கள்தான். ஆனாலும் ஒருவரையும் அவனால் அடையாளம் காண முடியவில்லை. கண்கள் எல்லாம் ஓடைக்கு அப்பால் இருந்தன. அங்கே ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு மேட்டில் ஏறி ஓடிக்கொண்டிருந்தாள்.

அவன் பந்தத்தை மண்ணில் குத்தி அணைத்தான். நுகத்தடியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, அம்மாளுக்கு முன்னால் ஊரைப் பார்த்து நின்றான்.

"ஓடையைத் தாண்டறவன் முதல்ல என்னைத் தாண்டட்டும்."

"டேய், உன்னைத் தோள்ல தூக்கினோமேடா!"

"அந்தத் தோளையும் உடைப்பேன்."

ஒரு கல் வந்து அவன் நெற்றியில் பட்டது. ரத்தம் கண்ணில் இறங்கியது. அவன் நகரவில்லை. பறை தாளம் தப்பியது, பிறகு நின்றது. பின்வரிசையிலிருந்து ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். கடைசியில் சோணாசலமும் போனார்.

அம்மாள் முந்தானையை ஓடையில் நனைத்து அவன் நெற்றியைத் துடைத்தார்.

"அம்மா, நீங்க இந்த ஊர்லயே பொறந்தவங்க. சடையாண்டி கூட்டம் முதமுதல்ல கிளம்பின நாளை நீங்க பார்த்திருப்பீங்களே?"

"பார்த்தேன்."

"எங்க கொள்ளையடிக்கப் போனாங்க?"

"கொள்ளையடிக்கப் போகலை. இந்த ஊர் மாட்டை யாரோ ஓட்டிட்டுப் போயிட்டாங்க. அதை மீட்கப் போனாங்க. ஊரே மாலை போட்டு, குலவையிட்டு அனுப்பி வச்சுது."