கூடத்தில் விரித்த நிலா

பூவனூர் ஜமீன்தார் திருமேனிநாதர் தம் மாளிகையை இடித்துப் புதுப்பித்தார். உடைந்த தரை ஓடுகளும் ஜன்னலின் வண்ணக் கண்ணாடிச் சில்லுகளும் முற்றத்தில் மலையாகக் குவிந்தன. சித்தாள் அஞ்சுகத்தைக் கூப்பிட்டார்.

"இதெல்லாம் வாசலைத் தாண்டினா, ஜமீனே நொறுங்கிப்போச்சுன்னு ஊர் சிரிக்கும். உள்ளே கிடந்து என் கண்ணிலயும் படக்கூடாது. பட்டா, நீ இந்த ஊர்லயே இருக்கக்கூடாது!"

"ஆகட்டுங்க எசமான்," என்ற அஞ்சுகம் குவியலைப் பார்த்தாள். வெயில் பட்டு அது கனவு மாதிரி மினுங்கியது.

தோப்பு பங்களாவில் தங்கியிருந்த ஜமீன்தார், புதுமனை புகும் விடியலில்தான் வந்தார். ஊர் பார்க்க வலது காலை உள்ளே வைத்தார். கூடத்துத் தரை பாலும் நீலமுமாகத் ததும்பியது. அவர் மேகத்தில் கால் வைத்தது போலிருந்தது, தூணோரம் நின்ற அஞ்சுகத்துக்கு.

"அடடா, நிலாவையே விரிச்சு வெச்சிருக்கே!" என்று சொக்கிப்போனார் ஜமீன்தார். பிறகு நினைவு வந்து, "அந்தக் குப்பை எங்கேடி?" என்று உறுமினார்.

"உங்க காலடியிலதாங்க. பதிச்சு, வழவழன்னு தேய்ச்சுட்டேன்."

பதறிப்போய்க் காலை எடுக்கப் பார்த்தார்.

"பின்வாங்காதீங்கோ, அபசகுனம்!" என்று அலறினார் புரோகிதர்.

வாசற்படிக்கு அந்தப் பக்கம் ஒரு கால், இந்தப் பக்கம் ஒரு கால். "கண்ணில படக்கூடாதுன்னு சொன்னேனே!" என்றார் ஜமீன்தார்.

"குப்பைதானே படக்கூடாதுன்னீங்க? உங்க கண்ணுல பட்டது நிலாவாச்சே!"

ஊரே சிரித்தது. ஜமீன்தார் இடது காலையும் மெல்லத் தூக்கி நிலாவுக்குள் வைத்தார்.