இருளாயி மசக்கையும் முள்ளுக்கத்தரியும்

ஒரு ஊர்ல, ஊருன்னா சின்ன ஊரு, எல்லாருக்கும் பொழப்பு கத்தரித் தோட்டந்தான், அங்க சடையாண்டின்னு ஒருத்தன் இருந்தான், அவன் பொண்டாட்டி இருளாயி. ரொம்ப வருசமா புள்ள இல்ல. போகாத கோயில் இல்ல, சுத்தாத அரசமரம் இல்ல. கடைசியில ஒருவழியா இருளாயி முழுகாம இருந்தா.

மசக்கை வந்துச்சு பாருங்க, சோத்தப் பாத்தா கொமட்டுது, கஞ்சியப் பாத்தா கொமட்டுது, பச்சத் தண்ணி குடிச்சாக்கூட கொமட்டுது. "என்னதான் புள்ள திம்பே"ன்னு சடையாண்டி கேட்டான். "கத்தரிக்காக் குழம்பு வச்சா ரெண்டு வாய் எறங்கும் போல இருக்குங்க"ன்னா. கத்தரிக்கா ஊர்ல கத்தரிக்காதானே கேட்டா, பெரிய ஆசையா அது? ஆனா பாவி மக கேட்ட நேரம், ஊர்ல ஒரு காய் கிடையாது.

ஏன்னு கேளுங்க. சீக்கு. காலையில செடி நல்லா நிக்கும், உச்சி வெயில்ல பறிச்சுப் போட்ட கீரை மாதிரி தொங்கும், சாயங்காலம் நிமிரும், மறுநாள் நிமிராது. ஊர்க்காரங்க என்ன செஞ்சாங்க, செடிக்குத் தாகம்னு நெனச்சு மடையத் தொறந்துவிட்டாங்க. சீக்கு இருந்தது மண்ணுல. அது தண்ணியோட தண்ணியா இந்தத் தோட்டத்துல இருந்து அந்தத் தோட்டத்துக்குப் போயி, அங்க இருந்து அடுத்ததுக்குப் போயி, ஊரே வாடிப் போச்சு. புள்ள மாதிரி வளத்த செடிய அவங்களே புடுங்கி எரிச்சாங்க, பாவம்.

சடையாண்டி தோட்டத்துலயும் அதே கதிதான். ஆனா நட்ட நடுவுல ஒரு செடி மட்டும் வாடல. அது யாரும் நட்டதில்ல, தானா மொளச்ச முள்ளுக்கத்தரி. கைய வச்சா குத்தும். காய் குட்டியா உருண்டையா இருக்கும், சந்தையில ஒருத்தரும் சீண்ட மாட்டாங்க. சுத்தி எல்லாம் செத்துக் கெடக்க, அது பச்சப் பசேல்னு நின்னு ஒரு காய் காச்சுது.

சடையாண்டி வீட்டுக்கு ஓடியாந்தான். "புள்ள, ஒனக்குன்னு ஒரு காய் நிக்குது, மசாலா அரை"ன்னான். இருளாயிக்கு நாக்குல எச்சி ஊறுது. அம்மியக் கழுவிட்டா. கழுவிட்டுக் கேக்குறா, "ஏங்க, நம்ம தோட்டத்துல வேற செடி நிக்குதா?" "இல்ல." "பக்கத்துத் தோட்டத்துல?" "இல்ல." "ஊர்ல எங்கயாச்சும்?" "எங்கயும் இல்ல புள்ள."

அவ அப்படியே ஒக்காந்துட்டா. "அப்ப பறிக்காதீங்க. சீக்கு அதத் தொடல. அதோட வெதையில மொளைக்கிறதுலயும் கொஞ்சமாச்சும் தப்பிக்கும். வெதைக்கு விடுங்க."

"ஒனக்கு?"

"எனக்கு இன்னும் மாசம் இருக்கு. புள்ள பொறக்குறதுக்குள்ள ஒரு வாய் கெடச்சாப் போதும். பொறந்துட்டா, புள்ளைக்குக் கரப்பான் சொறி வரும்னு சொல்லி எங்க அம்மா கத்தரிக்காயக் கண்ணுலயே காட்டாது." சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னா, கண்ணு கலங்கிருச்சு. ஆசை ஆசைதானே.

அந்தக் காய் பழுத்து மஞ்சளாச்சு, தோல் சுருங்குச்சு. அதுக்குள்ள செடியில இன்னும் ரெண்டு காய், ஊதா நெறத்துல மினுமினுன்னு. "இது ரெண்டும் ஒனக்கு"ன்னு சொல்லிட்டு சடையாண்டி நல்லெண்ணெய் வாங்கச் சந்தைக்குப் போனான்.

இங்க ஒரு செடி மட்டும் வாடலன்னு கேள்விப்பட்டு, அந்த நேரம் பாத்து வந்தான் தாண்டவராயன். அரண்மனைச் சமையக்கட்டுக்கு அவந்தான் தலைவன். சாகாத கத்தரி வெத கொண்டாந்தா நெலம் தர்றேன்னு ராசா சொல்லியிருந்தாரு. இவனோ பொறந்ததுல இருந்து கத்தரிக்காயக் குழம்புல பாத்தவன், செடியில பாத்ததில்ல. நேரா அந்த ரெண்டு காயில கைய வச்சான்.

"ஐயா, அது பிஞ்சு. அதுல வெத முத்தல"ன்னா இருளாயி. கேக்கல. "வெத வேணும்னா அந்த மஞ்சக் காய்ல பாதி தர்றேங்க"ன்னா. கேக்கல. "ஐயா, அது என் மசக்கைக்கு வச்சது"ன்னு கையெடுத்துக் கும்பிட்டா. "அழுகலை எந் தலையில கட்டிட்டு நல்லத நீ திங்கப் பாக்குறியா"ன்னு சொல்லி, முள்ளு குத்தக் குத்தப் பறிச்சுக்கிட்டுப் போயிட்டான். வயித்துப் புள்ளக்காரி வாயில இருந்து புடுங்குனவன் உருப்படுவானா, நீங்களே சொல்லுங்க.

சடையாண்டி எண்ணெயோட வந்து நிக்குறான், இவ தேம்பித் தேம்பி அழுவுறா. அழுது முடிச்சு மூக்கச் சிந்திட்டு, மஞ்சக் காயப் பிசைஞ்சு, வெதையத் தண்ணியில போட்டு, மெதந்தத வீசிட்டு முங்குனத எடுத்துச் சாம்பல்ல பொரட்டிக் காயவச்சா. வெதச்சாங்க. அதுலயும் கொஞ்சம் நாத்து வாடிச் செத்துச்சு, மிச்சம் அசையாம நின்னுச்சு. நின்ன நாத்த வீட்டுக்கு வீடு குடுத்தா இருளாயி. "நமக்குக் கொஞ்சமா இருக்கே"ன்னு சடையாண்டி பொலம்புனான். "ஒரு தோட்டத்துல மட்டும் வச்சா, அத்தனையும் போக ஒரு தாண்டவராயன் போதும்ங்க"ன்னுட்டா.

அங்க அரண்மனையில? தாண்டவராயன் பிஞ்சைக் கீறி, வெள்ள வெள்ளையா உமி மாதிரி இருந்தத வெதச்சான். ராசா கேட்டா நாளைக்கு மொளைக்கும்பான், மறுபடி கேட்டா நாளன்னைக்கும்பான், திரும்பக் கேட்டா திருதிருன்னு முழிப்பான். இந்த ஊரு பச்சையா இருக்குன்னு காதுல விழுந்து, ராசாவே அவனக் கூட்டிக்கிட்டு வந்தாரு.

"எந்தக் காய்ல வெத எடுத்த, காட்டு"ன்னாரு. அவன் மினுமினுன்னு இருந்த பிஞ்சைக் காட்டுனான். நின்ன சனமெல்லாம் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்குது. இருளாயி நடந்ததச் சொன்னா. ராசா நெலத்த அவளுக்கு எழுதிவச்சாரு. தாண்டவராயனப் பாத்து, "இந்த ஊருத் தோட்டத்துக்கெல்லாம் நீ தண்ணி எறை. கத்தரிக்காக் குழம்பு கொதிச்சா வாசம் புடிச்சுக்கோ, தொட்டு நக்கப்படாது"ன்னுட்டாரு. எறச்சான், எறச்சான், தோள்பட்டை காச்சுப்போக எறச்சான்.

இருளாயிக்கு நெறமாசம். முதக் காய் பறிச்ச அன்னிக்கு ஒரு வீட்லயும் அடுப்புல ஏத்தல. வீட்டுக்கு ஒரு காயா அவ மடியில கொண்டாந்து போட்டாங்க. சடையாண்டியே குழம்பு வச்சான், உப்பு ஒரு கை கூட. அவ ஒரு வாய் தின்னா, கண்ண மூடிக்கிட்டா. ரெண்டாவது வாய் தின்னா. மூணாவது வாய் உருட்டையில சுருக்குன்னு வலி. "ஐயோ, வலி வந்துருச்சு"ன்னு சடையாண்டி பதறி எந்திரிக்கிறான். அவ கையப் புடிச்சு ஒக்கார வச்சா. "இருங்க, இத முழுங்கிக்கிறேன். இத்தன மாசம் காத்திருந்தேன்ல, புள்ள ஒரு வாய்க்குக் காத்திருக்கட்டும்."

காத்திருந்துதான் பொறந்துச்சு, பொம்பளப் புள்ள. மத்தவங்க சொல்ற கதையெல்லாம் முடிஞ்சப்பறந்தான் கத்தரிக்கா காய்க்குமாம். நம்ம கதை, கத்தரிக்கா காச்சதாலதான் முடிஞ்சுது.