தாய்மாமன் சிறுத்துக்கொண்டே போன ரோடு

கோணமங்கலத்துக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிறையவே இருக்கிறது. தேய்ந்துபோகுமே என்றுதான் வெளியே எடுப்பதில்லை.

அந்த ஊரில் பிளெக்ஸ் பேனர் கடை வைத்திருந்தவர் இசக்கியப்பன். பேனரில் முகம் வராதவன் பிறந்ததையே ஒத்துக்கொள்ளாத ஊர் என்பதால் கடை அமோகமாக ஓடியது. அவருடைய மகளுக்கே கல்யாணம் கூடிவந்தபோதுதான் வினையும் கூடவே வந்தது.

முதல் டிசைனில் பெண்ணின் தாய்மாமன் வீரபாகு படமே இல்லை. "மாலை எடுத்துக் குடுக்க மட்டும் நான் வேணுமோ?" என்று அவர் முறுக்கிக்கொண்டார். படத்தைச் சேர்த்தார்கள். சின்னது என்றார். பெரிதாக்கினார்கள். போதாது என்றார். வளர்ந்து வளர்ந்து கடைசியில் வீரபாகுவே பேனரை அடைத்துக்கொள்ள, பெண்ணும் மாப்பிள்ளையும் அவர் சட்டைப் பைக்குப் பக்கத்தில் ஒண்டினார்கள். "இப்பதான் கல்யாணக் களை வந்திருக்கு" என்றார்.

முகூர்த்தத்துக்கு முதல்நாள் கடைக் கம்ப்யூட்டர் கண்ணை மூடிவிட்டது. இசக்கியப்பன் கணக்குப் போட்டுப் பார்த்தார். கடைசி டிசைன் கிடைக்காவிட்டால் மச்சான் மாலை எடுத்துத் தர மாட்டார். மாலை இல்லாவிட்டால் மகள் கல்யாணம் நின்றுபோகும்.

டிசைன் போடும் சித்திரவேல் ஒவ்வொரு தடவையும் பேக்கப் டிஸ்கில் ஒரு பிரதி போட்டு வைத்திருந்தான். கல்யாணம், கல்யாணம் கடைசி, கல்யாணம் கடைசிக்கும் கடைசி, கல்யாணம் சத்தியமா கடைசி என்று பெயர் வேறு. எது எது என்று அவனுக்கே மறந்துவிட்டது. திறந்து பார்க்கலாம் என்றால், மிச்சமிருந்த பழைய கம்ப்யூட்டரில் படம் தெரியாது. கருப்புத் திரையில் எழுத்து மட்டும் ஓடும்.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஜெபராஜுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார் இசக்கியப்பன்.

"அண்ணாச்சி, நான் சொல்றதை ஒரு எழுத்து விடாம டைப் பண்ணச் சொல்லுங்க."

சித்திரவேல் அடித்தான். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது கம்ப்யூட்டர்.

"என்னடே அடிச்சே?" என்றார் ஜெபராஜ் போனில்.

"'அண்ணாச்சி, நான் சொல்றதை ஒரு எழுத்து விடாம டைப் பண்ணச் சொல்லுங்க'ன்னு அடிச்சேன்."

ஜெபராஜ் பெருமூச்சு விட்டார். அதை எப்படி அடிப்பது என்று சித்திரவேல் முழித்தான்.

பிறகு அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி இரண்டு கட்டளைகள் கொடுத்தார். "மொதல்ல இதைப் போட்டா டிஸ்க்ல உள்ளது தேதிவாரியா வரும். புதுசு மேல நிக்கும். அடுத்ததைப் போட்டு அதை மட்டும் காப்பி பண்ணுங்க. முடிஞ்சதும் டிஸ்கை யார் கையும் படாத எடத்துல பத்திரமா வைங்க."

போனை வைத்ததும் பேனர் கட்டுகிற மந்திரமூர்த்தி தாடையைச் சொறிந்தான். "தேதி பாத்துக்கிட்டு இருக்கும்போதே இந்த டிஸ்கும் செத்துட்டா?"

"அதானே! எல்லாத்தையும் மொதல்ல காப்பி பண்ணுவோம். தேதியை ஆற அமரப் பாத்துக்கிடலாம்" என்றார் இசக்கியப்பன்.

அப்படியே செய்தார்கள். மந்திரமூர்த்தி டிஸ்கைக் கழற்றி எடுத்துப்போய்ப் பத்திரப்படுத்திவிட்டு வந்தான். காப்பி செய்ததன் தேதிகளைச் சித்திரவேல் பார்த்தான்.

"அண்ணாச்சி! ஒண்ணுகூடப் பழசு இல்ல. எல்லாமே இன்னைக்குத்தான் பொறந்திருக்கு!"

"தாயே இசக்கியம்மா, என் மானத்தைக் காப்பாத்திட்டே" என்று கண்கலங்கினார் இசக்கியப்பன். நல்ல சேதியை ஜெபராஜுக்கும் சொன்னார்.

"ஐயோ அண்ணாச்சி, காப்பி பண்ணினா இன்னைக்குத் தேதிதான் விழும். பழைய தேதி டிஸ்க்ல அப்படியே இருக்கும். அதை எடுங்க!"

"மந்திரம், டிஸ்க் எங்கடே?"

"யார் கையும் படாத எடத்துல இருக்கு."

"எங்கடே?"

"கெணத்துல."

மூன்று பேரும் உட்கார்ந்து யோசித்தார்கள். எல்லாம் புதுசாக இருக்கும்போது எதைக் கழிப்பது? கழித்தது மச்சானாக இருந்துவிட்டால்? ஆகவே அத்தனையையும் அச்சடித்தார்கள். மந்திரமூர்த்தி பெயர் வரிசைப்படி கல்யாண மண்டப வாசலில் ஆரம்பித்து, கம்பத்துக்குக் கம்பம் கட்டிக்கொண்டே பஸ் ஸ்டாண்டுவரை போனான்.

மறுநாள் காலை வீரபாகு பஸ்ஸிலிருந்து இறங்கினார். எதிரே வானத்தை மறைத்துக்கொண்டு அவரே நின்றார். நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். அடுத்த கம்பத்தில் கொஞ்சம் சிறுத்திருந்தார். அதற்கடுத்ததில் இன்னும் சிறுத்தார். மண்டப வாசலில் ஆளையே காணோம்.

"என்ன அத்தான், வரவர என்னை அழிச்சுக்கிட்டே வர்றீங்க?" என்று கத்திவிட்டு, வந்த வழியே திரும்பினார்.

திரும்பி நடக்க நடக்க வளர்ந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கோபம் பறந்துவிட்டது. சிரித்துக்கொண்டே மறுபடி வந்தார். மறுபடி சிறுத்தார். மறுபடி கத்தினார். மேளக்காரர்கள் காத்திருந்தார்கள். முகூர்த்தம் நெருங்கியது. இசக்கியப்பன் மச்சான் பின்னாலேயே போய்ப் போய் வந்தார்.

"அண்ணாச்சி, பெரிய பேனரை அவுத்து மண்டபத்துல கட்டிருவமா?" என்றான் சித்திரவேல்.

"அவ்வளவு பெரிய மச்சானைத் தூக்க முடியுமாலே? கல்யாணத்தைத் தூக்கு!"

பெண், மாப்பிள்ளை, ஐயர், மேளம், பந்தி இலை எல்லாம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தன. தன் மூக்குக்கு நேர் கீழே நின்று வீரபாகு ஆனந்தமாக மாலை எடுத்துக் கொடுத்தார். தாலி ஏறியது. இசக்கியப்பன் தேம்பித் தேம்பி அழுதார்.

அந்த நேரம் ஜெபராஜ் போன் செய்தார். "கடைசி டிசைன் எதுன்னு தெரிஞ்சுதா அண்ணாச்சி?"

"தெரிஞ்சு போச்சு ஜெபராஜ்! இனிமே தொலையவே தொலையாது. கம்ப்யூட்டரோட பத்திரமா வைக்க மந்திரத்தை அனுப்பியிருக்கேன்."

ஊர்க் கிணற்றுப் பக்கமிருந்து 'தொபுக்கடீர்' என்று ஒரு சத்தம் கேட்டது.