மூணு பேர் சேர்ந்து சுட்ட கேக்

கீரனேந்தலில் மூணு அண்ணன் தம்பிகள் இருந்தாங்க. மூத்தவர் மாயழகு, அடுத்தவன் சங்கிலி, கடைசி ஒச்சு. மூணு பேரும் தங்கமானவங்க. யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வாங்க. அந்த வீட்டுக்கு வந்த கஷ்டமெல்லாம் அதனாலதான் வந்தது.

மாயழகு பெஞ்சாதி தவமணி, தன் பிறந்த நாளுக்கு ஒரு கேக் வாங்கிட்டு வரச் சொன்னா. வெயில்ல கெட்டுப் போயிடுமேன்னு அவரு பஸ்லயே அதைச் சாப்பிட்டு முடிச்சாரு. வீட்டுக்கு வந்து, "கேக் ரொம்ப நல்லா இருந்துச்சு தவமணி"ன்னாரு.

தவமணி பையைத் தூக்கிட்டு பக்கத்து ஊர்ல இருக்குற அம்மா வீட்டுக்குப் போயிட்டா. "கிரீம் சீஸ் கேக்கை உங்க கையாலயே செஞ்சு எடுத்துட்டு வந்து கூப்பிட்டாத்தான் வருவேன்"னு சொல்லிட்டா. மாயழகுக்குச் சோறு இறங்கல. சரி, செய்முறையைச் சொல்லுன்னு கெஞ்சினாரு. அவளும் ஃபோன்ல கொஞ்சம் கொஞ்சமா சொன்னா.

"கிரீம் சீஸை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வச்சிருங்க. அது தானா இளகட்டும்."

எடுத்து மேசைமேல வச்சு, மூணு பேரும் சுத்தி உக்காந்தாங்க. இளகல.

"நாம இப்படி முறைச்சுப் பாத்தா அதுக்குக் கூச்சமா இருக்காதாண்ணே?"ன்னான் ஒச்சு.

மூணு பேரும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு வந்து பாத்தா நல்லா இளகியிருந்துச்சு. பாவம், கூச்சம்தான்னு முடிவாச்சு.

முட்டை, சர்க்கரை, மாவெல்லாம் போட்டதும், "ஒரே பக்கமா கலக்குங்க"ன்னா தவமணி.

சங்கிலி ரெண்டு சுத்து சுத்திட்டு நிறுத்தினான். "அண்ணே, கரண்டி கிழக்கே போவுது, திரும்ப மேற்கே வருதே. இது ரெண்டு பக்கமாச்சே!"

"அப்போ திரும்ப விடாதடா"ன்னாரு மாயழகு.

சங்கிலி கிழக்கே பாத்து ஒரே இழுப்பு இழுத்தான். மாவு கிழக்குச் சுவத்துல போய் ஒட்டுச்சு. சுரண்டி எடுத்துப் போட்டாங்க. சுவரும் கொஞ்சம் வந்துச்சு.

"ஓவனைச் சூடு பண்ணுங்க. மணி அடிக்கிற வரைக்கும் கதவைத் தொறக்கவே கூடாது."

முடுக்கிவிட்டாங்க. அப்பதான் ஒச்சு தன் கையைப் பாத்தான். "அண்ணே, கேக் என் கையிலயே இருக்கு!"

"தொறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காடா. அப்படியே நில்லு."

மணி அடிச்சதும் கேக்கை உள்ளே வச்சு, இன்னொரு தடவை முடுக்கிவிட்டாங்க. வெந்துச்சு.

"ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தா சுத்தமா வரணும்."

ஒட்டிக்கிட்டுதான் வந்துச்சு. ஒச்சு குச்சியை நக்கிட்டு, "இப்ப சுத்தம்"ன்னான்.

கடைசியா தவமணி சொன்னா: "ஆறினதும் சர்க்கரைப் பாகை மேல ஊத்துங்க. பொட்டு வச்சுக்கிற கண்ணாடி மாதிரி, என் முகம் அதுல தெரியணும். தெரிஞ்சதும் கேக்கோட வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க."

ஊத்தினாங்க. பளபளன்னு இருந்துச்சு. மாயழகு குனிஞ்சு பாத்தாரு. ஒரு மீசை தெரிஞ்சுது.

"இது நான்தானேடா!"

சங்கிலி எட்டிப் பாத்தான். "எனக்கும் நான்தான் தெரியுறேன்."

"மதினிக்கு இன்னும் கோவம் தீரலண்ணே. மூஞ்சி காட்ட மாட்டேங்கிறாங்க"ன்னான் ஒச்சு.

பாகை வழிச்சுப் போட்டுட்டு மறுபடி ஊத்தினாங்க. மறுபடியும் மீசைதான். மாயழகு தலையில கை வச்சுக்கிட்டாரு. "இந்த ஜென்மத்துல அவ வரமாட்டா போலிருக்கே!" பக்கத்துல ஃபோன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. யாரும் எடுக்கல.

வீட்டையே கொளுத்திட்டாங்களோன்னு பதறிப்போய், தவமணி பஸ் பிடிச்சு வந்துட்டா. உள்ளே நுழைஞ்சா மூணு தலை கேக்மேல கவிழ்ந்து கிடக்கு. என்னதான் பாக்குறாங்கன்னு, புருஷன் தோளுக்கு மேலால அவளும் எட்டிப் பாத்தா.

"தெரியுது!" மாயழகுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "தவமணி முகம் அப்படியே தெரியுதுடா!"

"மூக்குத்திகூட மின்னுதுண்ணே!"ன்னான் சங்கிலி.

"ஏங்க, நான்..."

"அடேயப்பா, பேசவும் செய்யுது!"ன்னான் ஒச்சு.

"தூக்குங்கடா கேக்கை! பஸ் போயிடும்!"

மூணு பேரும் திரும்பிக்கூடப் பாக்காம வாசலுக்கு ஓடினாங்க. மாயழகு மட்டும் ஒரு நிமிஷம் நின்னு, வீட்டுல யாரும் இல்லையேன்னு கதவை நல்லா பூட்டி, இழுத்துப் பாத்துட்டு, தவமணியைக் கூட்டிட்டு வர ஓடினாரு.