மொட்டைக்கு முன் நிறுத்திய மாத்திரை

மாத்திரையை நிறுத்தியதைச் சென்னியப்பன் ஒருவரிடமும் சொல்லவில்லை.

அவருக்கு வயது அறுபத்தெட்டு. திம்பம் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். எதிரே யானை நின்றாலும் விளக்கை அணைத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருப்பார். அப்படிப்பட்ட மனிதர் ஒரு சவரக் கத்திக்குப் பயந்தார் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அவருடைய இதயம் தாளம் தப்பித் துடிக்கிற இதயம். மேல் அறை ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே படபடக்கும். அப்படிப் படபடத்தால் ரத்தம் தேங்கி உறைந்துவிடும், உறைந்த கட்டி மூளைக்குப் போய்விடும் என்று ரத்தம் இளகுவதற்கு மாத்திரை கொடுத்திருந்தார்கள். மாத்திரை தன் வேலையைச் செய்தது. கூடவே வேறொன்றும் செய்தது. சவரம் செய்யும்போது சின்னக் கீறல் பட்டால்கூடத் துண்டு நனைந்துவிடும். போன வருஷம் குடல் புண் கசிந்து, யார் யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்றித்தான் அவரைப் பிழைக்க வைத்தார்கள்.

மனைவி போன பிறகு வீட்டை மகள் கோகிலா பேருக்கு எழுதிவிட்டு, பவானி ஆற்றங்கரையில் இருக்கிற ஆசிரமத்துக்கு வந்துவிட்டார். ஆசிரமம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓட்டுக் கூரை, நாலைந்து பாய், ஒரு சமையற்கட்டு. குருவை எல்லோரும் அம்மா என்பார்கள். சென்னியப்பனைவிட அவர் வயதில் ரொம்ப இளையவர். அவர் சென்னியப்பனை ஐயா என்பார், சென்னியப்பன் அவரை அம்மா என்பார். இதில் இருவருக்கும் ஒரு சங்கடமும் இல்லை.

தைப்பூசத்தன்று சென்னியப்பனுக்குத் துறவுத் தீட்சை என்று அம்மா சொல்லியிருந்தார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. தீட்சை வாங்குகிறவர் விடியற்காலையில் ஆற்றுப்படியில் உட்கார்ந்து தலையை மழித்துக்கொள்ள வேண்டும். படியில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தாலும் அந்த வருஷம் தீட்சை கிடையாது.

இதைக் கேட்ட அன்றிலிருந்துதான் சென்னியப்பன் மாத்திரையை வேட்டி மடிப்பில் முடிந்துவைக்க ஆரம்பித்தார்.

பூசத்துக்கு முந்தின நாள் சாயங்கால வழிபாட்டில் எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள். சென்னியப்பன் கையிலிருந்த ஜால்ரா கீழே விழுந்தது. அவர் தொடர்ந்து பாடுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். மற்றவர்களுக்குக் கேட்டதோ வெறும் குளறல். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது.

அம்மா பாட்டை நிறுத்திவிட்டு எழுந்தார். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு போக நின்றிருந்த வேனில் அவரைத் தூக்கி உட்கார வைத்தார்கள். டிரைவர் பாதித் தாரை அங்கேயே இறக்கிப்போட்டுவிட்டு, ஆரன் அடித்தபடியே கோயம்புத்தூருக்கு ஓட்டினான். வழியெல்லாம் அம்மா அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரி வாசலைத் தொடும்போதே சென்னியப்பனுக்குப் பேச்சு திரும்பிவிட்டது.

“வாழைத்தாரெல்லாம் என்னாச்சுங்க?” என்றார்.

அம்மா அதற்கு அழுதுவிட்டார். குருவும் அழுவார் என்பதை அன்றைக்குத்தான் சென்னியப்பன் பார்த்தார்.

படுக்கையில் கிடந்தபடி மெதுவாக ஒத்துக்கொண்டார்.

“மாத்திரையை நிறுத்திப்போட்டனுங்க அம்மா.”

“ரத்தம் வந்துரும்னு பயமா?”

“ஆமாங்க. தீட்சை தள்ளிப் போயிருமேன்னு.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே ஐயா.”

“கேட்டா வேண்டாம்னு சொல்லிருவீங்கன்னு பயந்துட்டனுங்க.”

அம்மா போர்வையை இழுத்து அவர் கால்களை மூடினார்.

மறுநாள் டாக்டர் வந்தார். கோகிலாவும் வந்திருந்தாள்.

“மூளைக்குப் போன அடைப்பு இந்தத் தடவை தானா சரியாயிருச்சு. அடுத்த தடவை அப்படிப் போகும்னு என்னால சொல்ல முடியாது,” என்றார் டாக்டர். “மாத்திரையை இனி நீங்களா நிறுத்தக் கூடாது. ஆனா உங்களுக்கு ஏற்கெனவே உள்ளே கசிஞ்சிருக்கு. அதனால இன்னொரு வழியும் யோசிக்கலாம்.”

இதயத்தின் இடது மேல் அறையோரம் ஒரு சின்னப் பை இருக்கிறது, இந்த நோயில் ரத்தம் பெரும்பாலும் அங்கேதான் உறைகிறது என்று படம் போட்டுக் காட்டினார். தொடை வழியாக ஒரு குழாயை விட்டு, சின்னக் குடை போன்ற மூடியை அந்தப் பையின் வாயில் விரித்துவிட்டால் அது அடைபட்டுவிடும்.

“அப்ப மாத்திரையே வேண்டாங்களா?” என்றாள் கோகிலா.

“உடனே இல்லம்மா. மூடி மேல சதை வளர்ந்து ஒட்டற வரைக்கும் கொஞ்ச காலம் மருந்து வேணும். அப்புறம் ரத்தம் இளக்கற மாத்திரையைப் பெரும்பாலும் நிறுத்திரலாம். இதயம் தாளத்துக்கு வந்துராது, அது அப்படியேதான் துடிக்கும். வைக்கறப்பவும் ஆபத்து கொஞ்சம் இருக்கு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

சென்னியப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டரை, ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸை, சாப்பாட்டுத் தட்டை எடுக்க வந்த ஆயாவை, எல்லோரையும் கும்பிட்டார். அத்தனை பேரும் தனக்காக மெனக்கெட்டிருந்தார்கள்.

ஆசிரமத்துக்குத் திரும்பி மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தார். மாசி மகத்துக்கு முந்தின நாள் அம்மா சொன்னார்.

“ஐயா, நாளைக்குக் காலையில தீட்சை.”

சென்னியப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “மாத்திரை போட்டுட்டு இருக்கனுங்களே.”

“போடுங்க. நாளைக்கும் போட்டுட்டே வாங்க.”

விடியற்காலையில் ஆற்றில் தண்ணீர் கணுக்கால் அளவுதான் ஓடிக்கொண்டிருந்தது. கோகிலா கரையில் நின்றாள். சென்னியப்பன் படியில் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டார். கத்தியின் குளிர்ச்சிக்காகத் தலை காத்திருந்தது. பின்னால் ஏதோ வண்டு போல ரீங்கரித்தது.

கண்ணைத் திறந்து பார்த்தார். அம்மா கையில் முடி வெட்டுகிற மிஷின். சலூனில் வைத்திருப்பார்களே, சார்ஜ் போடுகிற மிஷின், அதுதான்.

“கத்தி எங்கீங்க அம்மா?”

“கத்தி எதுக்கு?”

“வழக்கமுங்களே.”

“வழக்கம் முடியைத்தானே ஐயா கேக்குது. குனிஞ்சுக்கங்க.”

அம்மாவே மழித்தார். பழக்கமில்லாத கை. காதோரம் ஒரு குச்சி முடி தப்பி நின்றது. மிஷின் இரண்டு தடவை நின்றுபோனது. தட்டித் தட்டி ஓட்டினார். வெள்ளை முடி தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது. ஒரு சொட்டு ரத்தமும் இல்லை. சென்னியப்பன் குழந்தை மாதிரி தேம்பி அழுதார். இவ்வளவு லேசாக முடிகிற காரியத்துக்காக உயிரையே பணயம் வைத்தோமே என்ற வெட்கம் பாதி, தன் பயத்தை மனதில் வைத்துக்கொண்டு ஒருத்தர் கடை கடையாக ஏறி மிஷின் வாங்கி வந்திருக்கிறாரே என்ற நன்றி மீதி.

முழுகி எழுந்தார். அம்மா காவி வேட்டியை நீட்டினார். சென்னியப்பன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஆனால் கட்டவில்லை.

“இதைக் கட்டறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கோணுங்க அம்மா.”

“கேளுங்க.”

“வீடு விட்டாச்சு. வண்டி விட்டாச்சு. கைக்கடியாரத்தைக்கூடப் பேரன்கிட்டக் குடுத்துட்டேன். எல்லாத்தையும் விட வந்தவன், இப்பப் போய் நெஞ்சுக்குள்ள ஒரு குடையை வாங்கி வெச்சுக்கிட்டா, அது துறவுங்களா?”

“வேற என்ன செய்யலாம்னு இருக்கீங்க?”

“குடையும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். இன்னையோட அதையும் விட்டுரலாம்னு இருக்கேன். ஆண்டவன் பாத்துக்குவான்.”

கரையில் கோகிலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்மா அவள் பக்கம் பார்த்தார். பிறகு படியில் இறங்கி, சென்னியப்பனின் ஈரமான மார்பில் உள்ளங்கையை வைத்தார். உள்ளே இதயம் ஓடியது, தயங்கியது, இரண்டு அடி சேர்த்து வைத்தது, மறுபடி ஓடியது.

“குடையா மாத்திரையான்னு எனக்குத் தெரியாது. அதை மகளையும் கூட்டிட்டுப் போயி டாக்டர்கிட்டப் பேசுங்க,” என்றார்.

“அப்பத் துறவு?”

அம்மா அவர் கையிலிருந்த காவி வேட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“நீங்க எல்லாத்தையும் விட்டீங்க ஐயா. இந்த நெஞ்சு இத்தனை தடுமாறியும் உங்களை விடல. இதைக் கைவிட்டுட்டு வர்றவருக்கு நான் எப்படித் தீட்சை குடுப்பேன்?”