இறங்க மறுத்த ஆகாயப் பல்லக்கு

சத்தியம்! சூடம் அணைத்துச் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் இன்று ராத்திரி நான் தின்னும் சோறு தொண்டையில் விக்கட்டும். இதைக் கேட்டபோது பிளந்த வாயை நானே இன்னும் முழுசாக மூடவில்லை, ஆமாம்.

முன்னொரு காலத்தில் முகிலூர்ச் சீமையை அண்டமளந்த பூபதி என்றொரு ராஜா ஆண்டு வந்தார். காலையில் சொன்னதை மாலையில் மறந்துவிடுவார். அதனால் அவரே ஒரு சட்டம் போட்டிருந்தார்: அவர் வாயால் சொன்னது செல்லாது, ஓலையில் எழுதி முத்திரை குத்தியதுதான் ஆணை.

அந்தச் சீமையில் ஆகாயப் பல்லக்கு ஓடியது. சிரிக்காதீர்கள்! தென்னை மர உயரமுள்ள நான்கு அண்டரண்ட பட்சிகள் பல்லக்கைத் தூக்கிக்கொண்டு பறக்கும். முகிலூரில் பல் விளக்கிவிட்டு ஏறினால் மதியச் சாப்பாடு காசியில். பட்சிகளுக்கு இரை போடுவது, எச்சத்தை அள்ளுவது, மூட்டை ஏற்றுவது, நடுங்குகிற பயணியை இடுப்பில் கயிறு கட்டி உட்கார வைப்பது, பிறகு மேலே போய்ப் பட்சிகளை ஓட்டுவது என்று எல்லாவற்றுக்கும் ஒரு கூட்டம் இருந்தது. அவர்களுக்குத் தலைவி அங்காயி. பட்சிகள் அவள் குரலுக்கு மட்டுமே பணியும்.

அரண்மனையில் ஆணை எழுதுபவர் ராயசம் கோணேரி. மந்திரி வல்லபர் பெயரைக் கேட்டாலே அவருக்கு வயிறு எரியும். தானும் புத்திசாலி என்று காட்டவேண்டுமே! ஒரு நாள் ஓர் ஓலையை எழுதி முத்திரையும் வாங்கிவிட்டார்: ‘பறப்பது மட்டுமே வேலை. தரையில் செய்வது எதுவும் வேலையல்ல. அதற்குக் கூலி கிடையாது.’

அங்காயி சபைக்கே வந்துவிட்டாள். “மகாராஜா, இரை போடாம பட்சி எப்படிங்க பறக்கும்?”

“அதை அன்பாகப் போடு தாயே. அன்புக்கு யாராவது கூலி கேட்பார்களா?” என்றார் ராயசம்.

“நீங்க எச்சத்தை அன்பா அள்ளிப் பாத்திருக்கீங்களா ராயசத்தய்யா?”

சபை கொல்லென்று சிரித்தது. ராயசத்தின் முகம் வெந்த பீட்ரூட்டாகச் சிவந்தது.

மறுநாள் அங்காயியின் கூட்டத்தில் ஒருவரும் பல்லக்கில் ஏறவில்லை. அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு ஆலமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அன்றைக்கென்று பார்த்து ராஜாவின் மாமியார் ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாள். அம்மாள் வந்தது பொங்கலுக்கு, இப்போது ஆடியும் பிறந்துவிட்டது. ராஜா தன் கையாலேயே பெட்டி கட்டி அனுப்பியிருந்தார். போன வேகத்தில் அம்மாள் திரும்பி வந்து, “மாப்பிள்ளை, பல்லக்கு ஓடலையாம். தீபாவளி கழிச்சே போறேன்” என்றார்.

ராஜா சிம்மாசனத்திலிருந்து விழுந்தார். நிஜமாகவே விழுந்தார்!

“அங்காயியை யானைக் காலால் இடறச் செய்யுங்கள்!”

“செய்யலாம் அரசே. ஆனால் பட்சிகள் வேறு யார் பேச்சையும் கேட்காதே” என்றார் மந்திரி. “அத்தையம்மாள் நிரந்தரமாக இங்கேயே...”

ராஜாவுக்கு வியர்த்துவிட்டது. ராயசம் முந்திக்கொண்டு இன்னோர் ஓலையை நீட்டினார்: ‘வேலையை யாரும் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் யானைக் கால்.’

மந்திரி அதை நிதானமாகப் படித்தார். “பிரமாதம்! ஒன்றுதான் குறைகிறது. ‘எக்காரணம் கொண்டும்’ என்று சேர்த்துவிடும் ஐயா.”

மந்திரியே மெச்சிவிட்டாரே! ராயசம் உச்சி குளிர்ந்து சேர்த்தார். முத்திரை விழுந்தது. “அடங்கிவிட்டார்கள் என்று ஊர் பார்க்கட்டும். நாம் எல்லோருமே பல்லக்கில் ஏறி அத்தையம்மாளை ஊர்வரை கொண்டுவிடுவோம்” என்றார் மந்திரி.

ஆலமரத்தடியில் காவலர் நடுவே நின்ற அங்காயியிடம் மந்திரி இரண்டு ஓலைகளையும் சேர்த்துக் கொடுத்தார். “எழுத்துப் பிசகாமல் நட, அம்மா.”

அவள் ஒன்றைப் படித்தாள், மற்றதைப் படித்தாள். திரும்ப முதலாவதைப் படித்தாள். “அப்படியே ஆகட்டும் சாமி.”

பல்லக்கு எழும்பியது. மாமியாரின் ஊரான பூம்பொழில் வந்தது. வந்த ஊர் கீழே ஒரு சுற்றுச் சுற்றியது. மறுபடி சுற்றியது. இன்னும் சுற்றியது.

“இறக்கு!” என்றார் ராஜா.

“முடியாதுங்களே மகாராஜா.”

“என்னது?”

“பறக்குறது மட்டுந்தான் வேலைன்னு ஓர் ஆணை. எக்காரணம் கொண்டும் வேலையை நிறுத்தக்கூடாதுன்னு இன்னொண்ணு. இறங்கினா பறக்குறது நின்னுபோகும். என் தலை யானைக் காலுக்குல்ல போகும்?”

ராயசம் பல்லக்குக் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“நான் சொல்கிறேன், இறக்கு!” என்று கத்தினார் ராஜா.

“வாயால் சொன்னது செல்லாதே அரசே” என்றார் மந்திரி, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தபடி.

முன்னால் பறந்த பட்சி மெல்லத் தலையைத் திருப்பி ராயசத்தையே பார்த்தது.

“ஏ... ஏன் அது என்னைப் பார்க்கிறது?”

“பசிங்கய்யா. காலையில் இரை போடல. அது தரையில் செய்யறதாச்சே!”

ராயசம் அலறிய அலறல் கீழே பூம்பொழில் மாடுகளை மிரட்டிவிட்டது. மாமியார் மட்டும், “காத்து நல்லா வருது மாப்பிள்ளை, இன்னும் நாலு சுத்து போகலாம்” என்றார்.

ராஜா ராயசத்தின் தோளைப் பிடித்து உலுக்கினார். “ராயசமே, எழுதும்! வேலையை நிறுத்தலாம் என்று எழுதும்!”

“எழுதலாம்” என்றார் மந்திரி. “இறங்கியதும் அவர்கள் மறுபடி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். நிறுத்தலாம் என்ற உங்கள் ஆணைப்படியே உட்காருவார்கள்.”

பட்சி வாயைத் திறந்து மூடியது. கதவு சாத்தினாற்போல் சத்தம்.

“தரையில் செய்வதும் வேலைதான்! கூலி உண்டு! யானைக் கால் கிடையாது! எழுதித் தொலையுமய்யா!”

மாமியாரின் பெட்டிமேல் ஓலையை வைத்துக் கோணல்மாணலாக எழுதினார் ராயசம். ராஜா மோதிரத்தால் குத்திய முத்திரை காயும் முன்னே அங்காயி பட்சிகளிடம் ஒரு சீழ்க்கை அடித்தாள். பல்லக்கு பூப்போலத் தரை தொட்டது. தரையில் கால் பட்டதும் ராஜா முதலில் செய்தது என்ன தெரியுமா? மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு தன் முத்துமாலையைக் கழற்றி அங்காயிக்குப் போட்டார். மந்திரியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“ராயசமே, இனி நீர் பட்சிக் கொட்டிலுக்குப் போம். எச்சம் அள்ளும்.”

“மகாராஜா! கூ... கூலி?”

அங்காயி பல்லக்கிலிருந்த துடைப்பத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். “அன்பா அள்ளுங்க ராயசத்தய்யா. அன்புக்கு யாராவது கூலி கேப்பாங்களா?”

இவ்வளவுதான் நடந்தது. ஊர் முழுக்கச் சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். யார் சொன்னார் என்பதை மட்டும் மூச்சு விடாதீர்கள், புண்ணியமாகப் போகும். ராயசத்தின் வம்சத்தார் இன்றைக்கும் ஆணை எழுதும் உத்தியோகத்தில்தான் இருக்கிறார்களாம்!