உயர்திரு தேடுபொறி அவர்களுக்கு

சத்தியம். இசக்கியம்மன் மேல் சத்தியம், நான் குடிக்கிற தண்ணீர் மேல் சத்தியம். இனி சொல்லப்போவதில் ஒரு எழுத்து பொய்யாக இருந்தாலும் என் நாக்கு அறுந்து இங்கேயே விழட்டும். இதே சத்தியத்தை முன்பும் பல தடவை செய்திருக்கிறேன். நாக்கு பத்திரமாக இருக்கிறது. அதிலிருந்தே தெரியவில்லையா?

இதை நான் எங்கள் ஊர் இ-சேவை மையத்தில் உரக்கத்தான் சொன்னேன். சர்வர் படுத்துவிட்டது. சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் தையல்கடை மாசானம் செய்தித்தாளை விரித்து, பிள்ளைகளுக்கு இணையத்தில் தேடச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று வாத்தியார்களுக்குப் பயிற்சி நடக்கிறதாம் என்று வாசித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயிற்சியாம். மத்தியானம் சாப்பாடு போட்டு ஆளுக்கொரு பை கொடுப்பார்கள். சாப்பாட்டைத் தின்றுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், அவ்வளவுதான். இந்த ஜில்லாவிலேயே பிள்ளைகளுக்கு முதன்முதலில் தேடக் கற்றுக்கொடுத்தவன் நான் என்றேன்.

"நீங்க டிராயிங் மாஸ்டர்லா அண்ணாச்சி?" என்றார் மாசானம்.

ஆமாம், டிராயிங் மாஸ்டர்தான். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கியபோது கணக்கு வாத்தியார் நேரமில்லை என்றார், அறிவியல் டீச்சர் ஷாக் அடிக்கும் என்றார். தலைமையாசிரியர் ஞானதிரவியம் திரையை எட்டிப் பார்த்தார். அதில் ஒரு மலையும் புல்வெளியும் தெரிந்தன. படம் என்றால் டிராயிங் மாஸ்டர் என்று என் தலையில் கட்டிவிட்டார். அந்த மனிதரின் மூளைக்கு அதுவே பெரிய யோசனை.

ஞானதிரவியத்துக்கு ஒரு கொள்கை உண்டு. யாரிடம் எதைக் கேட்டாலும் விண்ணப்பம் எழுதித்தான் கேட்க வேண்டும். சாக்பீஸ் வேண்டுமா, விண்ணப்பம். ஒன்றுக்குப் போக வேண்டுமா, விண்ணப்பம். அவர் கையெழுத்துப் போடுவதற்குள் காரியம் முடிந்திருக்கும். இணையத்துக்கு மட்டும் சலுகை காட்டுவாரா? ஏழாம் வகுப்பு முப்பிடாதி முதல் நாள் இப்படித் தட்டினாள்: அனுப்புநர், பெறுநர், உயர்திரு தேடுபொறி அவர்கள், மதிப்பிற்குரிய ஐயா, திமிங்கிலம் என்ன தின்னும் என்பதைத் தெரிவிக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன், இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி.

அதற்குப் பதில் வந்ததாக்கும் என்று மாசானம் இளக்காரமாகக் கேட்டார்.

வராமல்? உலகம் முழுக்க அதை வேலைக்காரனை அதட்டுவதுபோல அதட்டிக் கேட்கிறவர்கள்தான். ஐயா என்று கூப்பிட்ட முதல் ஆள் எங்கள் முப்பிடாதி. தேடுபொறிக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மற்றவர்களுக்கு லட்சம் பதிலைக் குப்பைபோலக் கொட்டுகிற சனியன், அவளுக்கு ஒரே பதிலைக் கையெழுத்தும் முத்திரையுமாக அனுப்பியது. என்ன, லைன்தான் கொஞ்சம் மெதுவு. திமிங்கிலத்தின் தலை அரைப்பரீட்சைக்கு வந்தது, வால் வந்துசேர முழுப்பரீட்சை ஆகிவிட்டது.

அதனால்தான் பிள்ளைகளிடம் சொன்னேன், வளவளவென்று கேட்காதீர்கள், முக்கியமான சொல்லை மட்டும் போடுங்கள் என்று. சுருக்கினார்கள். விண்ணப்பம் ஒரு வரியானது. வரி ஒரு சொல்லானது, சொல் ஒரு எழுத்தானது. கடைசியில் முப்பிடாதி கீபோர்டைத் தொடுவதே இல்லை. திரையைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவாள், பதில் வந்து கைகட்டி நிற்கும். இடது புருவம் என்றால் தமிழில், வலது புருவம் என்றால் இங்கிலீஷில்.

கவுன்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஜெனிட்டா, தலையைத் தூக்காமலே, இந்திக்கு எது சார் என்று கேட்டாள். இந்த மையத்தை நடத்துகிற பெண். மூக்கு என்று சொல்லிவிட்டு மேலே போனேன். கேள்வி கேட்கிறவர்களுக்கெல்லாம் நின்று பதில் சொன்னால் கதை நகராது.

அப்போதுதான் ஒரு கல்வி அதிகாரி வந்தார். ஜீப்பில் வரவில்லை, காலி வேனில் வந்தார். புரிகிறதா? எங்கள் பிள்ளைகளுக்குத் தேடத் தெரியவில்லை என்று எழுதிவிட்டு, கம்ப்யூட்டர்களை அள்ளிக்கொண்டு போய் அவர் மச்சினன் தாளாளராக இருக்கிற பள்ளிக்கூடத்தில் இறக்க வேண்டும். என் முன்னால் ஒரு பிள்ளை ஒரு கேள்விக்குப் பதில் தேடிக் காட்டட்டும், இல்லையென்றால் ஏற்றிவிடுவேன் என்றார். ஞானதிரவியம் ஓடிப்போய் வேன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். தலைமையாசிரியர் லட்சணம் அது. முப்பிடாதி புருவத்தைத் தூக்கினாள். பொட்டென்று கரண்ட் போய்விட்டது.

அதிகாரிக்கு வாயெல்லாம் பல். ஏற்றுங்கள் என்றார். முப்பிடாதி அசரவில்லை. தாளை எடுத்து எழுதினாள்: மின்சாரம் இல்லாத காரணத்தால் ஐயா அவர்கள் நேரில் வந்து பதிலளிக்க வேண்டுகிறேன். ஜன்னல் வழியாகப் பறக்க விட்டாள். ஒரு மணி டவுன் பஸ்ஸில் தேடுபொறி வந்து இறங்கியது.

பெஞ்சில் கொட்டாவி நின்றுவிட்டது. ஆள் எப்படி என்றார் மாசானம்.

ஒல்லி. சஃபாரி சட்டை, கக்கத்தில் பை. வந்ததும் அதிகாரியிடம், மூட்டுவலித் தைலம் வேண்டுமா, வீட்டுக்கடன் வேண்டுமா, முடி கொட்டுகிறதா என்று கேட்டது. அவருக்கு முழு வழுக்கை. கொட்டுவதற்கு என்ன இருக்கிறது? பல்லைக் கடித்துக்கொண்டு, ஆப்பிரிக்காவில் நீளமான ஆறு எது என்றார். தேடுபொறி அவரை ஏற இறங்கப் பார்த்தது.

"விண்ணப்பம் எங்கவே? தலைமையாசிரியர் வழியா அனுப்பும்."

அதிகாரி எழுத உட்கார்ந்தார். அனுப்புநர் எழுதினார், பெறுநர் எழுதினார், அதற்கு மேல் பேனா ஓடவில்லை. ஊரார் விண்ணப்பத்தை வாங்கி மேசைக்கடியில் போட்ட கைக்கு எழுத எங்கே வரும்? முப்பிடாதி வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தாள். தேடுபொறி அதை வாங்கி, 'பரிசீலிக்கப்படும்' என்று கிறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டது. அதிகாரி ஓடிய ஓட்டத்தில் வேனையே மறந்துவிட்டார். அதில்தான் பிள்ளைகளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனோம். கம்ப்யூட்டர்களில் ஒரு கீறல் விழவில்லை.

ஜெனிட்டா இப்போது தலையைத் தூக்கினாள்.

"நானும் அந்த ஏழாம் வகுப்புதான் சார். அந்த ரூம் பூட்டியேதான் கெடந்துச்சு. ஜன்னல் வழியா பாப்போம், கம்ப்யூட்டரை எல்லாம் துணி போட்டு மூடியிருக்கும். வேன்ல ஏத்துறப்ப காத்துல துணி வெலகிச்சுல்லா, அன்னைக்குத்தான் அது என்ன கலர்னே எங்களுக்குத் தெரியும்."

மாசானம் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, ரூம் சாவி யாரிடம் இருந்தது என்று கேட்டார்.

சர்வர் வந்துவிட்டாற்போல் இருக்கிறதே, அடுத்த டோக்கனைக் கூப்பிடம்மா என்றேன் நான்.

நீங்கள் இதை நாலு பேரிடம் சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. தேடுபொறி டவுன் பஸ்ஸில் வந்ததை விட்டுவிடாமல் சொல்லுங்கள். யார் சொன்னது என்று கேட்டால் மட்டும் என் பெயரை எடுத்துவிடாதீர்கள். நான் உயிரோடு இருப்பதாகப் பென்ஷன் ஆபீசுக்கு ஜெனிட்டாதான் பதிந்து அனுப்ப வேண்டும். இன்னும் அனுப்பவில்லை.